அரிசிப் பையின் விலை என்ன?

விடியுமுன் வெள்ளவத்தைக் காலி வீதியில் நின்று பார்த்தவர்கள் இக்காட்சியை அறிவர். யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் இரவு முழுவதும் ஓடிவந்த பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நிற்கின்றன. பயணிகள் சோம்பல் முறித்து இறங்குமுன்னரே பைகள் இறங்கிவிடுகின்றன. வாய் தைத்த உரப்பை ஒன்றிலே அரிசி. அட்டைப் பெட்டி ஒன்றிலே மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல், மோர்மிளகாய், பழந்துணியிற் சுற்றிய நல்லெண்ணெய்ப் போத்தல். பையின்மேல் மையினால் எழுதிய ஒரு பெயரும் தொலைபேசி இலக்கமும்.

அப்பையைப் பெற்றுக்கொள்ள வந்து நிற்பவர் யார்? வேலையின்றித் திரியும் வாலிபரா? அல்லர். வங்கி உத்தியோகத்தர், ஆசிரியை, கணக்காளர், பொறியியலாளர்! முப்பதும் நாற்பதும் வயது கடந்தவர்கள். பையை முச்சக்கர வண்டியில் ஏற்றி, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாக ஹெவ்லொக் டவுனிலுள்ள தம் இல்லத்திற்கு, அயலார் எழுமுன் கொண்டுசேர்த்துவிட விரைகின்றனர்.

அயலார் எழுமுன் ஏன்? இக்கேள்வியிலிருந்தே நாம் தொடங்க விரும்புகின்றோம். தாய் அனுப்பிய அரிசியைப் பெறுவதில் மறைப்பதற்கு என்ன இருக்கின்றது? மறைப்பதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை?

மணியோடர் சென்ற திசை

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத்தை மணியோடர்ப் பொருளாதாரம் என்று கேலியாகவும் உண்மையாகவும் சொன்னார்கள். வெள்ளையர் ஆட்சிக் காலந்தொட்டு எமது இளைஞர்கள் ஆங்கிலம் கற்று, கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞராய் அமர்ந்தனர். மாதம் பிறந்ததும் தபாற்காரர் படலையிலே மணி அடிப்பார். அப்பணத்தில் கூரை ஓடாயிற்று; கிணறு கல்லால் கட்டப்பட்டது; தங்கைமார் கரையேறினர். விடுமுறைக்கு வந்து திரும்பும் மகனின் பெட்டியில் அன்றும் தாய்மார் ஒடியலும் பனங்கட்டியும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வைத்து அனுப்பினர் என்பது மெய்யே. ஆனால் அவை நாவுக்காக அனுப்பப்பட்டவை. மகனுடைய வயிற்றைச் சம்பளம் பார்த்துக்கொண்டது.

இன்று அனுப்பப்படுவது வயிற்றுக்கு. வடக்கு நோக்கிப் பணம் சென்ற அதே வழியில், தெற்கு நோக்கி அரிசி வருகின்றது.

ஹெவ்லொக் டவுனிலே வாழ்பவர்க்கு இம்மாற்றத்தை உணர்த்த வேறு சான்று வேண்டியதில்லை. வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்த நிலத்திலே இன்று வானளாவிய மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. ஆலைக் காலத்திலே அங்கு உழைத்தவர் தம் கூலியில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினர். இன்று அம்மாடிகளுக்கு அருகேயுள்ள ஒழுங்கைகளில், அக்கூலியைப்போற் பன்மடங்கு சம்பளம் பெறும் குடும்பங்கள், மாதக் கடைசி வாரத்தில் ஊரிலிருந்து பஸ் எப்போது வருமென்று கேட்டுக்கொண்டிருக்கின்றன.

எவ்வாறு நேர்ந்தது?

2021ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதியை அரசினர் ஒரே நாளில் என்னுமாறு நிறுத்தினர். அவ்வாண்டு நவெம்பரில் அத்தடை நீங்கியபோதிலும், அடுத்த காலபோகத்தின் விளைச்சலை அது மீட்டுத் தரவில்லை. 2022 ஏப்ரில் 12ஆந் தேதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென நாடு கைவிரித்தது. அதற்குச் சில நாள் முன்னர் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வீட்டுக்கடன் எடுத்தவனின் தவணைப் பணம் அவனறியாமலே வளர்ந்தது. சமையல் வாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் இரவுபகலாய் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முன்னைய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. ஏறத்தாழ இருமடங்கு! சம்பளம் இருமடங்காயிற்றா? 2023 சனவரி முதல் மாதம் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு வரி விதிக்கப்பட்டது. டொக்டர்மாரும் பல்கலைக்கழக ஆசிரியரும் வங்கி ஊழியரும் தெருவுக்கு வந்தனர். அவ்வெல்லை 2025 ஏப்ரிலில் ஒன்றரை லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆயினும், ஏறிய விலை ஏறிய இடத்துக்கு அண்மையிலேயே நின்றுவிட்டது. விலையேற்றத்தின் வேகம் குறைந்தமை வேறு, விலை குறைந்தமை வேறு என்பதைச் சந்தைக்குச் செல்லும் எந்தக் குடும்பப் பெண்ணும் அறிவாள்.

வீட்டு வாடகை, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, மின்சாரக் கட்டணம் ஆகிய இவற்றைக் குறைக்க இயலாது. குறைக்கக்கூடியது உலைமூடியின் கீழ் இருப்பது ஒன்றே. அதைக் குறைக்கும் நிலை வந்தபோதுதான் ஊரிலிருந்து பை வந்தது.

எமது வீட்டிலே நடந்தது

பிறர் வீட்டுக் கதையைச் சொல்வதிலும் எமது வீட்டுக் கதையைச் சொல்வது நேர்மையாகும். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எமக்கும் முதற்பை வந்தது. நாம் கேட்டு வந்ததன்று. தொலைபேசியிலே பேசும்போது பேரப்பிள்ளை, இரவுகளில் பாணே உண்பதாகச் சொல்லிவிட்டது. மூன்றாம் நாள் விடியற்காலை பஸ் சாரதி அழைத்தார். எதிர்வீட்டுக்காரர் விசாரித்தபோது, நாட்டரிசி உடலுக்கு நல்லதென்று ஊரிலிருந்து விலைக்கு எடுப்பித்ததாகக் கூறினோம். பொய் சொல்ல வேண்டுமென்று எண்ணவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

அடுத்த ஆண்டு தைப்பொங்கலுக்கு ஊர் சென்றோம். நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும் மூலையிலே தரை தெரிந்தது. இரவு எமக்குச் சோறு பரிமாறிய தாயார், தமக்கும் தந்தையாருக்கும் கஞ்சி வார்த்துக்கொண்டார். ஏனென்று கேட்டதற்கு, "வயது போனால் இரவிலை சோறு செமிக்காது, தம்பி" என்றார். தந்தையார் தலை நிமிரவில்லை. அடுத்த வீட்டு உறவினர் மறுநாட் காலை சொன்னார்: விதைநெல்லுக்காக அம்மாவின் சங்கிலி வங்கியில் இருக்கின்றதென்று. அந்தச் சங்கிலி வங்கிக்குப் போனது ஐப்பசியில். அதே ஐப்பசியில் எமக்கு வந்த பையிலே வழக்கத்திலும் ஐந்து கிலோ அதிகம் இருந்தது.

நாம் மறைத்தோம், அவர்களும் மறைத்தனர். நாம் மானத்துக்காக மறைத்தோம். அவர்கள் எமது மானத்துக்காக மறைத்தனர்.

பையின் விலை

ஆதலின் வெட்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்துக் கணக்கைப் பார்ப்போம். உத்தியோகத்தரும் கமக்காரரும் ஒருங்கே அறிந்த மொழி கணக்கு.

மாதம் இருபது கிலோ அரிசி வருகின்றதென வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். எனவே முப்பது கிலோ நெல். 2025 பெப்ரவரியில் அரசினர் அறிவித்த கொள்வனவு விலை, நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. நாட்டு நெல்லின் விலைப்படி முப்பது கிலோவுக்கு 3,600 ரூபா. ஓர் ஆண்டுக்கு 43,200 ரூபா. இது தந்தையார் விற்றிருக்கக்கூடிய, ஆனால் விற்காது விட்ட நெல்லின் விலை.

இனி மகனின் பக்கம். 2024 டிசெம்பரில் நாட்டரிசிக்கு விதிக்கப்பட்ட உச்சச் சில்லறை விலை கிலோ 230 ரூபா. இருபது கிலோவுக்கு 4,600 ரூபா. மகனுக்கு மிச்சம் 4,600. தந்தைக்குக் குறைவு 3,600. குடும்பம் முழுவதையும் ஒன்றாய்க் கொண்டு பார்த்தால் ஆதாயம் ஆயிரம் ரூபா. அதிலே நெல் குற்றும் கூலியும் பஸ்ஸுக்குக் கொடுக்கும் கூலியும் கழிய எஞ்சுவது சொற்பம். எஞ்சிய 3,600 ரூபா எங்கிருந்து வந்தது? ஒரு மடியிலிருந்து மறுமடிக்கு மாறியது, அவ்வளவே. முதியவரின் மடியிலிருந்து இளையவரின் மடிக்கு!

ஊரரிசி இனாம் என்று கருதுவோர் இக்கணக்கை அடுக்களைச் சுவரிலே ஒட்டிவைப்பது நல்லது. அது இனாமன்று. உரத்தின் விலை பன்மடங்கு ஏறிய காலத்தில், நகையை அடகுவைத்து விதைத்தவரின் வருமானத்தில் ஒரு பங்கு அது.

இதனாற் பையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட பை தாயின் நெஞ்சிலே என்ன செய்யும் என்பதை அறியாதவரே அப்படிச் சொல்வர். வளர்ந்த பிள்ளைக்கு உதவினால் அவன் சோம்பேறியாவான் என்று போதிக்கும் சில பெரியவர்களுக்கும் எமது மறுமொழி ஒன்றுண்டு. காலை ஏழு மணிக்கு அலுவலகம் சென்று இரவு ஏழு மணிக்குத் திரும்புபவனைச் சோம்பேறி என்று எந்த நாவு சொல்லும்? அவன் உழைப்பு குறையவில்லை. அவன் ரூபா குறைந்தது. ரூபாவைக் குறைத்தவர் அவனுமல்லர், அவன் பெற்றோருமல்லர்.

அரசினரின் கைகழுவல்

குறைத்தவர் யாரென்பதை இவ்விடத்தில் கூறாதிருத்தல் தகாது.

இந்நாட்டிலே 1942இல், யுத்த காலத்தில், கூப்பன் அரிசி வந்தது. பசித்தவனுக்கு விலை குறைந்த அரிசி கொடுப்பது அரசின் கடன் என்பதைப் பின்வந்த ஆட்சிகளும் நெடுங்காலம் ஒப்புக்கொண்டிருந்தன. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12ஆந் தேதி நாடே ஸ்தம்பித்தது. இரண்டு மாதத்துள் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1979இல் கூப்பன் அரிசி போய் உணவு முத்திரை வந்தது. விலை ஏற ஏற முத்திரையின் மதிப்புத் தேய்ந்தது. 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. பெயர்கள் மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் அரசின் கை சிறிது பின்வாங்கிற்று; அவ்விடத்தைத் தாயின் கை நிரப்பிற்று.

அந்தத் தாயின் கையையேனும் தடையின்றி நீள விட்டார்களா? 1970களின் நடுவிலே, உணவுப் பஞ்சக் காலத்தில், தனியார் அரிசி கொண்டுசெல்வது மட்டுப்படுத்தப்பட்டு, வீதித் தடைகளிலே பயணிகளின் பைகள் சோதிக்கப்பட்டன. மகனுக்குக் கொண்டுபோன இரண்டு கொத்து அரிசிக்குத் தாய் கள்ளியைப்போற் பதில் சொல்ல நேர்ந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது, குடாநாடே கப்பலில் வரும் உணவுக்குக் கரையைப் பார்த்திருந்தது. கொழும்பிலிருந்த மகன் ஊருக்கு ஒரு பை அனுப்பவும் வழியில்லை. ஊரிலிருந்து ஒரு பை பெறவும் வழியில்லை. பாதை திறந்து ஆண்டுகள் பல சென்றபின் இன்று அந்தப் பை தடையின்றி வருகின்றதே என மகிழ்கின்றோம். ஆயினும், இப்பை வருவதனாலேயே கொழும்பிலே பட்டினி வெளியே தெரியவில்லை என்பதை அரசினர் தம் சாதனையாகக் கணக்கிடுவாராயின் அதை ஏற்க மாட்டோம்.

2022இல் உணவுப் பாதுகாப்பின்றி இருந்தோர் இந்நாட்டில் 63 லட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மதிப்பிட்டன. ஊரிலிருந்து பை வந்திராவிட்டால் அத்தொகையிற் சேர்ந்திருக்கக்கூடிய குடும்பங்கள் எத்தனை என்பதை எந்த அறிக்கையும் எழுதவில்லை.

பை வராத வீடு

இன்னொன்றையும் மறத்தலாகாது. வயலுள்ள பெற்றோரை உடையவர்க்கே பை வரும். கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைச் சிப்பந்திகளாய் உழைக்கும் மலையகத்துப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். அவர்களின் பெற்றோர்க்கு விதைக்க ஒரு துண்டு நிலமேனும் உண்டா? லயத்து அறைக்கு முன்னே நாலு கத்தரிச் செடி வைக்கவும் தோட்டத்துரையின் கண்ணைப் பார்த்த பரம்பரை அது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்பதையே 2021ஆம் ஆண்டிற்றான் கண்டார்கள். அங்கே உதவி எதிர்த்திசையில் ஓடுகின்றது: பிள்ளை தன் சாப்பாட்டைக் குறைத்துப் பெற்றோருக்கு அனுப்புகின்றான். போரிலே காணியிழந்து, வாடகை வீட்டிலே முதுமையடையும் வடகிழக்குப் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் பை வருவதில்லை. குடும்பமே பார்த்துக்கொள்ளும் என்று கூறி ஒதுங்கும் எந்த அரசும், நிலமற்றவனைப் பட்டினிக்குத் தீர்ப்பிடுகின்றது.

வெள்ளவத்தைக் கடையிலே நாம் அரிசிக்கு விலை பேசும்போது, அதை எடுத்துத் தரும் சிப்பந்தியின் வீட்டுக்கு யார் பை அனுப்புகின்றனர் என்று ஒரு முறையேனும் கேட்டோமா?

இனிச் செய்யவேண்டியவை

முதலாவது, பிள்ளைகளுக்கு. பையை வாங்குங்கள், வெளிச்சத்தில் வாங்குங்கள். அதன் விலையை ஒரு கொப்பியிலே மாதந்தோறும் எழுதிவையுங்கள். தாய்க்குக் காசு நீட்டினால் வாங்க மாட்டார் என்பது எமக்கும் தெரியும். ஆனால் ஐப்பசியிலே உழவுக்கூலி கொடுக்க வேண்டும். உரம் வாங்க வேண்டும். அடகிலுள்ள நகைக்கு வட்டி கட்ட வேண்டும். அந்நாளில், கேளாமலே, உழவு இயந்திரக்காரருக்கும் உரக்கடைக்கும் நேரே பணத்தைச் செலுத்திவிடுங்கள். அன்று தபாற்காரர் கொண்டுவந்த மணியோடர் இன்று வங்கிக் கணக்கு வழியே செல்லட்டும். இயலாத ஆண்டிலே, இயலவில்லை என்று சொல்லுங்கள். அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்குண்டு.

மகளுக்கு வரும் பையும் மகனுக்கு வரும் பையும் ஒரே வயலில் விளைந்தவை. மருமகன் முகம் சுளிப்பாரென்று மகள் வீட்டுப் பை சிறுப்பதும், மருமகள் குறை சொல்வாளென்று மகன் வீட்டுப் பை பெருப்பதும் எமது வீடுகளில் நடவாதவையல்ல. தேவை எந்த வீட்டில் அதிகமோ அங்கே அதிகம் செல்லட்டும். இதைப் பிள்ளைகளே தமக்குள் பேசித் தாயாருக்குச் சொல்வது நன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலுமுள்ள சகோதரர் பெற்றோருக்கு அனுப்பும் பணமே கொழும்புக்கு அரிசியாய் வருகின்ற வீடுகளும் உண்டு. அங்கே நன்றி இரு திசைக்கும் உரியது.

இரண்டாவது, பெற்றோருக்கு. பெரியோர்களே, உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எமக்கில்லை. ஆயினும் இரந்து கேட்கின்றோம்: விதைநெல்லைத் தொடாதீர்கள், இரவுச் சோற்றை விடாதீர்கள். மிஞ்சியதை அனுப்புங்கள், மிஞ்சாத மாதத்தில் அனுப்பாதீர்கள். பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டுமென்பதற்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. உழைக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் சோறு போட வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. சட்டம் கேளாததை அன்பினால் தருகின்றீர்கள். அவ்வன்பு உங்களை நோயாளியாக்குமாயின், நீங்கள் ஊட்டிய பிள்ளைக்கு அச்சோறு வாழ்நாள் முழுவதும் தொண்டையில் நிற்கும்.

மூன்றாவது, அரசினர்க்கு. 2025ஆம் ஆண்டு நெல்லின் கொள்வனவு விலை அறிவிக்கப்பட்டபோது அறுவடை தொடங்கியிருந்தது. விதைக்குமுன் விலை தெரிந்தாலன்றோ கமக்காரன் எத்தனை ஏக்கர் விதைப்பது, எவ்வளவு கடன் எடுப்பது என்று முடிவு செய்யலாம்? காலபோகத்திற்குப் புரட்டாசியிலும் சிறுபோகத்திற்குப் பங்குனியிலும் விலையை அறிவிக்க வேண்டும். 1971இல் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபை, வன்னியிலே அறுவடை நாளிற் களஞ்சியக் கதவைத் திறந்து, கையிலே பணத்துடன் நிற்க வேண்டும். நகரத்திலே, நிவாரணப் பட்டியலுக்குள்ளும் வராமல் சந்தை விலைக்கும் எட்டாமல் நடுவே தொங்கும் சம்பளக்காரனுக்கு, கூட்டுறவுக் கடைகளில் நியாய விலைக்கு அரிசி கிடைக்க வழி செய்ய வேண்டும். மலையகத் தொழிலாளிக்குக் காணி வேண்டும். இவற்றைச் செய்தாற் கமக்காரனின் வருமானமும் காக்கப்படும். அவன் மகனின் உலையும் கொதிக்கும்.

அந்த நாளிலும் வெள்ளவத்தையில் விடியற்காலை பஸ் வந்து நிற்கும். பை இறங்கும். அதிலே மோர்மிளகாயும் ஒடியலும் ஒரு சுண்டு மொட்டைக்கறுப்பன் அரிசியும் இருக்கும். எமது தாய்மார் அனுப்பாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் அனுப்பிவிட்டு, அன்றிரவு தாமும் சோறு உண்பார்கள்.